முழு வாக்கியம்

வகுப்பில் நான் குரலை உயர்த்தியதே இல்லை. எங்கள் கல்லூரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சடகோபன் ஸார் வகுப்பில் ஈ பறந்தாலும் கேட்கும் என்பார்கள். பையன்கள் பயந்து அடங்கினார்கள் என்று நினைக்க வேண்டாம். நான் காத்திருப்பேன், அவ்வளவுதான். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருகிறவரை பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எப்படியும் வந்துவிடும். பொறுமை இல்லாதவன் வாத்தியார் வேலைக்கு வரக் கூடாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று நீங்கள் என் மனைவியிடம் கொஞ்சம் குரலை உயர்த்தினீர்கள், மிஸ்டர் சகாயநாதன். குறையாகச் சொல்லவில்லை. "பெத்த பொண்ணு ஆத்தோட போவுது. நீங்க கரையில நின்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தீங்களாமே, ஏம்மா?" என்று கேட்டீர்கள். போலீஸ்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். கோதை, "நான்தான் கொன்னேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் ஏட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார். தயவுசெய்து அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அவள் சொன்னது தவறு.

நான் ஆங்கிலம் கற்பிக்கிறவன். கற்பிப்பது எப்படி என்று ஆராய்ச்சியும் செய்கிறவன். கோதையை மணந்த புதிதில் சென்னையில் நடந்த ஆசிரியர் மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தேன். முடிந்ததும் ஒரு துரை எழுந்தார். மிகவும் மரியாதையான மனிதர். என் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழையே இல்லை, ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கு அடியிலும் தமிழ் கேட்கிறது, பாவம், அது ரத்தத்தில் இருப்பது, மாற்ற முடியாது என்றார். சபை சிரித்தது. நம்மவர்கள்தான் பலமாகச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ரயிலில் வரும்போது யோசித்தேன். ரத்தத்தில் இல்லை, காதில் இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து தமிழே காதில் விழாமல் நம் வீட்டுக் குழந்தை ஒன்று வளர்ந்தால், அது எந்தத் துரைமகளுக்கும் குறையாமல் பேசும். அதை நிரூபிக்க ஒரே ஒரு குழந்தை போதும். நம் தேசமே தலை நிமிரும். இதில் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

கோதைக்கு ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது அவள் தினம் தாயார் சன்னிதிக்குப் போய் அழுதுவிட்டு வருவாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாது. தமிழ்ப் பேச்சோ, கேட்கவே வேண்டாம். கிணற்றடியில் நிற்கும் துளசிச் செடியோடுகூடப் பேசுவாள். அவளிடம் மொழிப் பயிற்சி முறையைப் பற்றிப் பாடம் நடத்தினால் ஏறுமா? ஒருநாள் மாலை கல்லூரியிலிருந்து காவேரிப் பாலத்தின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தேன். பாலம் முடிவதற்குள் எனக்கு வழி கிடைத்துவிட்டது.

பெருமாள் கனவில் வந்து சொன்னார் என்றால் எங்கள் ஸ்ரீரங்கத்தில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நானும் அப்படித்தான் சொன்னேன். ஐந்து வயது முடிகிறவரை பெற்றவள் குரல் குழந்தையின் காதில் விழக் கூடாது, விழுந்தால் இதுவும் தங்காது என்று பெருமாள் சொன்னதாகச் சொன்னேன்.

"தாலாட்டு மாத்திரம் பாடலாமா?" என்று கோதை கேட்டாள்.

"கூடாது" என்றேன்.

"மனசுக்குள்ள பாடிக்கலாமோன்னோ?"

அதற்கு நான் ஆட்சேபம் சொல்லவில்லை.

பெண் பிறந்தாள். அரவிந்தவல்லி என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரைச் சொல்லிக் கோதை அவளை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. பிரசவ வலியிலேயே உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாளாம், குழந்தை வெளியே வந்ததும் முதலில் கேட்பது தன் குரலாகிவிடக் கூடாதே என்று. மருத்துவச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு ஒத்துழைப்பு யாருக்குக் கிடைக்கும்?

பாத்திரம் தேய்க்க வந்த வேலம்மாள்தான் சரிப்படவில்லை. இரண்டு தடவை எச்சரித்தேன். "புள்ளை மொகத்தைப் பாத்தா வாய் சும்மா இருக்குமாங்க, சாமி?" என்றாள். நிறுத்திவிட்டேன். வீதிப் பக்கத்து ஜன்னல்களை அடைத்துவிட்டேன். அக்கம்பக்கத்தார் விரதம் என்று கேள்விப்பட்டுக் கோதையைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கோயில் கோஷ்டி பாசுரம் சேவித்துக்கொண்டு வீதியில் வந்தால் குழந்தையைக் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நான் ஆங்கிலத்தில் கதை சொல்வேன். கோதை அவளைக் குளிப்பாட்டுவாள், சாதம் ஊட்டுவாள், தலை பின்னுவாள், எல்லாம் சைகையில்தான். சில சமயம் குழந்தையின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருப்பாள். உள்ளே பாடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

என் முறையில் முக்கியமான விதி ஒன்று உண்டு. எதைக் கேட்டாலும் முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும். பால் என்றால் பால் கிடையாது. எனக்குக் கொஞ்சம் பால் கொடுங்கள் அப்பா என்று, எழுவாய் பயனிலையோடு வர வேண்டும். ஒற்றைச் சொல்லுக்கு நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அழுகைக்கும் இல்லை. ஆரம்பத்தில் தேம்பித் தேம்பி அழுவாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருப்பேன். விசும்பல் அடங்கும், மூக்கை உறிஞ்சுவாள், பிறகு வாக்கியம் வரும். உடனே திரும்பி அவளைத் தூக்கி உச்சி முகர்வேன். ஒருநாளும் அவள் என்னை ஏமாற்றியதில்லை. நாலு வயதில் அவள் பேசியதைக் கேட்டு எங்கள் பிரின்ஸிபால் துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற கோதைக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தப் பூரிப்பு எனக்குக்கூட இல்லை.

குழந்தை தூங்கிய பிறகு கிணற்றடிக்கு வந்து கேட்பாள். "இன்னிக்கு என்னெல்லாம் சொன்னா?" நான் மொழிபெயர்த்துச் சொல்வேன். ஒரு சமயம் வல்லி என்னிடம், அம்மாவின் குரல் எப்போது உடைந்தது, அதை ஒட்ட வைக்க முடியாதா என்று கேட்டாள். குற்றமே சொல்ல முடியாத வாக்கியம். அன்று கோதை கேட்டபோது, கிளியைப் பற்றிப் பேசினாள் என்று சொல்லிவிட்டேன்.

இந்த ஆவணியில் ஐந்து முடிந்திருக்கும். கோதை நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். "என் பாஷை அவளுக்குப் புரியாதே. மொதல்ல என்ன பேசட்டும்? பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாளோன்னோ?" என்று கேட்பாள். துளசிக்கு முன்னால் நின்று வல்லி, வல்லி என்று மெள்ளச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அப்போதுதான் எனக்குக் கவலை வந்தது. ஐந்து வயதில் தமிழ் உள்ளே புகுந்தால் எல்லாம் கெட்டுவிடும். ஏழு வரைக்கும் இருந்தால்தான் முடிவு உறுதிப்படும். ஆடி பிறந்ததும் அவளிடம் ஏழு வயது என்று சொன்னேன்.

"பெருமாள் மறுபடியும் வந்தாரா?" என்றாள்.

"வந்தார்."

அவள் அழவில்லை. புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால்தான் பதினெட்டாம் பெருக்குக்கு இரண்டு பேரையும் ஆற்றுக்கு அழைத்துப் போனேன். இல்லாவிட்டால் போயிருக்கவே மாட்டேன்.

மேட்டூர் அணை வந்த பிறகு ஆடிக்குத் தண்ணீர் தவறுவதில்லை. அம்மா மண்டபத்தில் ஊரே கூடியிருக்கும், அத்தனையும் தமிழ். ஆகவே மேற்கே தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த படித்துறை ஒன்றுக்குப் போனோம். எங்கள் கல்லூரிக் கணித விரிவுரையாளர் அழகிரியும் வந்திருந்தார். கோதை மேற்படியில் உட்கார்ந்து புளியோதரையும் தத்தியோன்னமும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் அழகிரியோடு ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று ஏழு வயதுக் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துத் துறையில் துணி துவைத்த வீரமலை உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. வல்லி ஒரு பூவை மிதக்கவிட்டு அதன் பின்னாலேயே படியிறங்கியிருக்கிறாள். அவன், "பாப்பா, கீழ போவாத, பாசி வழுக்கும்" என்று கத்தியிருக்கிறான். அவள் நின்று அவனைப் பார்த்துச் சிரித்து, தலையை ஆட்டி, குட் மார்னிங் என்றாளாம். புது மனிதர்கள் ஏதாவது சத்தம் போட்டால் அப்படிச் சொல்ல நான்தான் பழக்கியிருந்தேன். அவன் மறுபடியும் கத்தினான். அவள் மறுபடியும் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.

கோதை அப்போதுதான் பார்த்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வீரமலை பார்த்தது அதைத்தான். பொத்திக்கொண்டே ஓடினாள், புடவை காலில் சிக்கி விழுந்தாள், படிகளில் உருண்டு கீழே போய்ச் சேர்ந்தபோது அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது. பெண்ணைக் காப்பாற்றத்தான் அவள் கத்தாமல் இருந்தாள், மிஸ்டர் சகாயநாதன். தன் குரல் பட்டால் அவள் செத்துப்போவாள் என்று நம்பினாள். நம்ப வைத்தவன் நான்.

கொன்றேன் என்று அவள் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. குழந்தையை எடுத்து வந்து கிடத்திய பிறகு என்னிடம் சொன்னாள். "கையை வெச்சு மூடறதுக்குள்ள 'வல்'னு பாதிப் பேர் வெளில வந்துடுத்து. அதனாலதான் போயிட்டா." நான் அவளிடம் கனவைப் பற்றிய உண்மையைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். தான் வாயைக் கட்டியதால்தான் குழந்தை ஐந்து வருஷம் தங்கினாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் என்ன மிச்சம் இருக்கும்? அவள் நன்மைக்குத்தான் சொல்கிறேன். இப்போது வீட்டில் அவள் யாரிடமும் பேசுவதில்லை. குழந்தையின் பாவாடை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உதடு மட்டும் அசைகிறது. நானும் அந்தக் குழந்தையைத் தோளில் போட்டு வளர்த்தவன்தான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வந்ததிலிருந்து நீங்கள் அதைக் கேட்கவில்லை. அழகிரியும் சொல்லியிருக்க மாட்டார், நல்ல மனிதர். குழந்தை சத்தமே போடவில்லையா என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

போட்டாள். ஃபாதர் என்று கூப்பிட்டாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு இன்னொரு தடவை, வாயில் தண்ணீர் புகுந்த மாதிரி. அழகிரி, "குழந்தை கூப்பிடறாளே" என்றார். "முடிக்கட்டும்" என்றேன். வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அது ஏன் வரவில்லை என்றுதான் தினமும் யோசிக்கிறேன். அவளுக்குத் தெரியாத வாக்கியம் இல்லை அது.