ஒற்றைக்கண் கரடிகள் வாங்கித் தந்த விருது

தலைமை நாற்காலியில் தளராமல் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே! பசுமை விருதைப் பச்சைக்குழந்தை போல மடியில் வைத்திருக்கும் மேலாளர் அவர்களே! ஊசியும் நூலுமாய் உழைத்து, ஊரெல்லாம் கொஞ்சும் கரடிப் பொம்மைகளை உருவாக்கும் தாய்மார்களே! பஞ்சடைக்கும் பிரிவில் தும்மித் தும்மியே தலை நரைத்த பெரியோர்களே! தேநீர் எப்போது வரும் என்று வாசலையே பார்க்கும் தம்பிமார்களே! பொம்மைக்குக் கண் தைக்கும் பிரிவிலிருந்து என் பணிவான வணக்கம்.

குப்பையைக் குறைத்ததற்காக நம் கம்பெனிக்குக் கிடைத்த விருதைப் பாராட்டிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். பாராட்டாமல் இறங்க மாட்டேன். அது எப்படி வந்தது என்று சொல்லாமலும் இறங்க மாட்டேன். மேலாளர் இப்போதே தண்ணீர் குடிக்கிறார். பொறுங்கள் ஐயா, நான் இன்னும் தொடங்கவே இல்லை.

நல்ல எண்ணத்தில்தான் சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு பிரிவின் குப்பைக் கூடையையும் மாலையில் எடை போடுவது. கூடை கனத்தால் பிரிவின் பெயரை அறிவிப்புப் பலகையில் சிவப்பில் எழுதுவது. குப்பை குறைந்ததா? குறைந்தது! கூடை பளிச்சிட்டதா? பளிச்சிட்டது! அந்தக் குப்பை எங்கே போனது என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. அது நம் சாப்பாட்டுப் பையில் இருந்தது!

சிரிக்காதீர்கள் அக்கா, உங்கள் பையும் உப்பித்தான் இருந்தது. என் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கரடிக் காது, அலமாரிக்குள் கரடி வால். ஒருநாள் என் சோற்று டப்பாவைக் கழுவத் திறந்த வீட்டுக்காரர், உள்ளே கிடந்த காதுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உன் கம்பெனிக் குப்பையெல்லாம் தவறாம வீட்டுக்கு வருது. சம்பளம் மட்டும் ஏன் தயங்கித் தயங்கி வருது?"

சரி, பையில் அடங்காததை என்ன செய்வது? கோணல்கண் கரடி, ஒற்றைக்கண் கரடி, கண்ணே இல்லாத கரடி, எதைக் கூடையில் போட்டாலும் எடை ஏறும். ஆகவே நல்ல கரடிகளுக்கு நடுவே நைசாக அடுக்கி அனுப்பிவிட்டோம். கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நாம் இங்கே கைதட்டிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், பின்வாசலில் ஒரு லாரி நிறையத் திரும்பி வந்த கரடிகள் ஒற்றைக்கண்ணால் நம்மை முறைத்துக்கொண்டிருக்கின்றன! தலைவர் மேலாளரைப் பார்க்கிறார். மேலாளர் விருதைப் பார்க்கிறார்.

இதுவரை சொன்னது சிரிப்பதற்கு. இனிச் சொல்வது என் வயிற்றெரிச்சல். கூடைதான் காலியாக இருக்கிறதே, அள்ளுவதற்கு ஆள் எதற்கு என்று யோசித்து, நம் துப்புரவு அக்காவை இந்த மாதத்தோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவர் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. நேற்று கைகழுவும் இடத்தில் என்னிடம் சொன்னார்: "கூடை சுத்தமா இருக்கேன்னு நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன்மா. என்னையும் சேர்த்துக் கூட்டித் தள்ளுவாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

ஐயா, பசுமை வேண்டாம் என்றா சொல்கிறோம்? எங்கள் பிள்ளைகளுக்கும் நல்ல காற்று வேண்டும். ஆனால் குப்பை எங்கே பிறக்கிறது என்று எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா? துணி வெட்டும் மேசையில் பிறக்கிறது! அங்கே குறைத்தால் குறையும். கூடையில் குறைத்தால் ஒளியும்! ஒளிந்தது வீட்டுக்கு வரும், லாரியில் வரும், கடைசியில் ஓர் ஏழையின் வேலையில் வந்து விடியும்!

அக்கா வேலையில் இருப்பார் என்று இந்த மேடையிலேயே சொல்லுங்கள். லாரியில் வந்ததைப் பிரித்து அடுக்கவே ஆள் போதாது. இதோ, தலைவர் தலையசைக்கிறார்! ஐயா, தலையசைத்தால் கடைசி வரிசைக்குக் கேட்காது. இந்தாருங்கள் ஒலிவாங்கி.

கேட்டீர்களா? "இருப்பாங்க" என்று சொல்லிவிட்டார்! சொன்னது அவர், சாட்சி நீங்கள்!

மனமிரங்கிய தலைவருக்கு நன்றி. வியர்த்துப்போன மேலாளருக்கு நன்றி. தட்டித் தட்டிச் சிவந்த உங்கள் கைகளுக்கு நன்றி. இப்போது தேநீர் வரும். பசுமை விழாவில் காகிதக் கோப்பையா என்று கேட்டு மேலாளரை மறுபடி வியர்க்க வைக்காதீர்கள். குடித்த கோப்பையை யாரும் பைக்குள் ஒளிக்கவும் வேண்டாம். தைரியமாகக் கூடையில் போடுங்கள். எடுக்க அக்கா இருக்கிறார். வணக்கம்!