குரலுக்கு ஏத்த பொட்டி

— அந்தப் பெரிய ஸ்பீக்கர் பொட்டி வேணாம் ரோஷன் பீ. பன்னெண்டு இஞ்சு. படத்துல சண்டை வந்தா செவுரு அதிரும். பாட்டு போட்டா, பாடுறவன் கெணத்துக்குள்ள நின்னு பாடுற மாதிரி இருக்கும்.

— எங்க வூட்டுக்காரருக்கு அதிரணுமே ஆதிமூலம் அண்ணே! படம் பாத்தா சினிமாக் கொட்டாயில குந்திக்கிணு பாக்குற மாதிரி இருக்கணுமாம். எனக்குப் பாட்டு போதும். ரெண்டுத்துக்கும் ஒரே ஜோடி வேணும்.

— நசுருதீன் இன்னாதான் சொல்லி அனுப்புனான்?

— பெருநாளைக்கு வர்றப்ப துபாய்லருந்து கலர் டிவியும் படம் போடுற வீடியோ டெக்கும் கொண்டாறாராம். ஸ்பீக்கர் பொட்டிய பிளேன்ல ஏத்த முடியாதாம். ஆதிமூலம் கடையில நீயே பாத்து வாங்கி வைன்னு கேசட்டுல பேசி அனுப்பியிருக்காரு.

— அப்ப இந்த எட்டு இஞ்சப் பாரு. நானே பலகை அறுத்து செஞ்சது. மேல சன்னமான சத்தத்துக்குன்னு சின்னதா ட்வீட்டர் இருக்குது. சண்டையும் கேக்கும், பேச்சும் புரியும்.

— கேட்டாத்தான தெரியும்?

— உனக்கு நல்லாப் பழகுன குரல் எதையாச்சும் போட்டுப் பாக்கணும். குரல் சரியா வந்துச்சுன்னா படத்துக்கும் ஆச்சு, பாட்டுக்கும் ஆச்சு.

— அவரு பேசுன கேசட்டு பையிலயே இருக்குது. அதப் போடுங்க.

— வூட்டு சமாச்சாரம் எதுனா இருக்கப் போவுதும்மா.

— ஒண்ணும் இல்ல. சாப்டியா, தூங்குனியான்னுதான் பேசியிருக்காரு. எங்க வூட்டு டேப்புல ஒரே கரகர, பாதி புரியாது. ஆனா தெனம் கேக்குறேன்.

— இந்தா, போட்டுட்டேன்... எப்படி இருக்குது?

— யா அல்லா! பக்கத்துல நின்னு பேசுறாரு அண்ணே. மூச்சு உடுறது கூடக் கேக்குது.

— சொன்னேன் இல்ல? பின்னாடி யாரோ கிளாஸ் கழுவுறாங்க, அது கூட வருது பாரு.

— இருங்க, இருங்க. அது இன்னா, ஒரு ஆளு கூவுறான்?

— எது?

— ஒடம்பப் பாத்துக்கன்னு சொன்னாரே, அதுக்குப் பின்னாடி. திருப்பிப் போடுங்க.

— ம்... போட்டேன்.

— கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— நீங்களே சொல்லுங்க. இன்னான்னு கூவுறான்?

— திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, ஏறு ஏறுங்கிறான்.

— துபாய்லருந்து செஞ்சிக்கு பஸ் உடுறாங்களா அண்ணே?

— மெட்ராஸ் பஸ் ஸ்டாண்டும்மா இது. டீக்கடை எதுலயாச்சும் நின்னு பேசியிருப்பான். நிறுத்திடட்டுமா?

— வேணாம், ஓடட்டும். எட்டு மாசம் ஆவுது. ஒரு வாட்டி கூட தபால்ல கடுதாசி வரல. லீவுல வந்தவன் குடுத்தான்னு சொல்லி, தளவானூர் பெரியதம்பிதான் கேசட்டு கொண்டாந்து குடுப்பான். எனக்குத் தோணவே இல்லியே.

— ஏஜென்ட் ஏமாத்தியிருப்பான். பொம்பாய் வரைக்கும் கூட்டிக்கிணு போயி நடுத்தெருவுல உட்டுட்டு ஓடிடுறானுங்க.

— ஏமாந்தா வூட்டுக்கு வரக் கூடாதா?

— எந்த மூஞ்சிய வெச்சிக்கிணு வருவான்? மாலை போட்டு, தெருவே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி உட்டுச்சு. நானுந்தான் வந்தேன்.

— கடலுக்கு அந்தாண்ட இருக்காருன்னு எத்தினி நாளு சோறு எறங்காம கெடந்தேன்! இங்க இருக்குற மெட்ராஸ்ல டீக்கடையில கிளாஸ் கழுவிக்கிணு இருக்காரு போல.

— அவன் மேல கோவப்படாதம்மா.

— கோவம் வராம? நேர்ல போயி நல்லாக் கேக்கப் போறேன். பெரியதம்பியப் புடிச்சா எடம் சொல்லிடுவான். அண்ணே, இந்தப் பேச்சு உங்க வாயிலருந்து வெளிய போகக் கூடாது.

— போகாது. அப்ப ஸ்பீக்கரு?

— இந்த எட்டு இஞ்சையே எடுத்து வைங்க. நாளைக்கு அவரக் கூட்டிக்கிணு வந்துருவேன். லீவு கெடச்சிருச்சு, துபாய்லருந்து வந்துட்டாருன்னு தெருவுல சொல்லப் போறேன்.

— கலர் டிவி எங்கன்னு கேப்பாங்களே?

— பிளேன்ல ஒடஞ்சு போச்சுன்னு சொல்லிக்கிறேன்.