கடலைக் காட்டுக்கு ஒரு புரொபசர்

போடியிலிருந்து தேவாரம் போகும் பஸ்சில், எனக்கு முன் சீட்டில் ஒரு விவசாயியும் காலேஜில் படிக்கும் அவர் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் புரொபசரு நம்ம காட்டுக்கு வந்து கடலை புடுங்கட்டும். அதுதான் நியாயம்," என்றார் அவர். நான் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

"நாளைக்கு பிரின்சிபால் முன்னாடி இதைச் சொல்லிராதீகப்பா."

"ஏன் சொல்லக்கூடாது? செடிகொடிப் பாடம்னு மலைக்குக் கூட்டிட்டுப் போயி, அவரு தோட்டத்துல உங்களை ஏலக்கா பறிக்க விட்டாரா இல்லையா?"

"விட்டாரு. சீசன் பூரா பறிச்சோம். ஒரு பாடம் நடத்தலை. அத்தனை பேரும் பெயிலு."

"என்ன நஷ்டஈடு வேணும்னு பிரின்சிபாலே கேக்குறாரு. நம்ம ஊர்ல ஒருத்தன் காட்டுக்கு நாம சோலிக்குப் போனா, நம்ம காட்டுக்கு அவன் வந்தாகணும். படிச்சவருக்கு மட்டும் வேற வழக்கமா?"

"எனக்கு நடத்தாத பாடம் வேணும்ப்பா. மறுபடி பரீட்சை வருது."

"அதையும் அவரே எழுதட்டும்."

"அவரு எழுதினா அவரும் பெயிலுதான்."

சிலமலை வந்தது. இறங்க எழுந்தவள் சற்று யோசித்தாள்.

"சரி, வரட்டும். அவரு கடலை புடுங்கட்டும், நான் வரப்புல உக்காந்து பாடத்தைச் சத்தமா வாசிக்கிறேன். புரியாத எடத்துல மட்டும் அவரு நிமிர்ந்து சொல்லிக் குடுத்தா போதும்."

அவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"உனக்கு எம்புட்டு ஆத்தா புரியலை?"

"ஒண்ணுமே புரியலைப்பா."

"அப்பக் கடலையை யாரு புடுங்குறது?"