கடைசி வரிசையில் நெஸ்டர்

ராத்திரி ஒன்றே முக்கால். மண்டாவே நகரில் கடலைத் தூர்த்துப் போட்ட சாலை... இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். ஒரு நாய்கூட இல்லை. அந்தச் சாலையில் என் தோழி ஜூவியின் அண்ணன் ரமில் பைக்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இது அவனுக்கு நடந்தது. ஜூவி சொல்லி நான் கேட்டது.

ரமிலுக்கு ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் வேலை. ஊர்ப்பட்ட வெப்சைட்டுகள் அங்கிருக்கும் சர்வர்களில்தான் ஓடும். மாதம் ஒருமுறை, ஊர் தூங்கும் நேரமாகப் பார்த்து, திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைப்பார்கள். பேட்ச் போடுவது என்று பெயர். போட்டபிறகு ஒவ்வொரு சர்வரையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இரண்டு பேர் வேலை. கூட வருபவனுக்கு அன்று டெங்கு. ரமில் தனியாள்.

மேலதிகாரி ரோவெனா வீட்டிலிருந்தபடி போனில் இருந்தாள். அவளை ‘மனாங்’ என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவான்; அவள் அவனை ‘டோங்’, தம்பி என்பாள்.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது... ஒன்றைத் தவிர. கடைசி வரிசை, அடித்தட்டு. பதினோரு வருடமாக அணைக்காத சர்வர். மாதாமாதம் ரோவெனாவே “அதை விட்டுடு” என்று தள்ளிப்போடுவாள். இந்தமுறை முடியாது. அதில் ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளி விவரம் முழுக்க இருந்தது. இதே ஓட்டை வழியாகத் திருடர்கள் அந்த வாரம் இரண்டு கம்பெனிகளைத் துடைத்திருந்தார்கள்.

அணைக்குமுன் உள்ளே யாராவது வேலை செய்கிறார்களா என்று பார்ப்பது வழக்கம். கதவோரம் இருந்த மேஜையிலிருந்தே பார்த்தான்.

ஒரு பெயர். நெஸ்டர்.

வெளியிலிருந்து வரவில்லை. அந்த சர்வரோடு பொருத்திய கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருப்பதாகக் காட்டியது. அதாவது... அதே அறையில்.

“மனாங், நெஸ்டர்னு யாரு?”



“பழைய ஆளு, டோங். செத்துப் பதினோரு வருஷமாச்சு. பேரை அழிக்காம விட்டிருக்கோம்.”

“எப்படிச் செத்தாரு?”

“அந்த ரூம்லதான். அலாரம் அடிச்சுது, தீ அணைக்கிற கேஸ் திறந்துக்கிச்சு, மூச்சே விட முடியாது. கதவு பூட்டிக்கிச்சு. அன்னைக்கு ஷிஃப்ட்ல நானும் இருந்தேன், கதவுக்கு வெளிப்பக்கம்... அதை அணைச்சுப் போட்டுட்டுக் கிளம்பு.”

ரமில் எப்போதும்போல எச்சரிக்கை அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் சர்வர் அணையும், வேலையைச் சேமித்துக்கொள்ளவும்.

பதில் வந்தது. ஒவ்வோர் எழுத்தாக.

‘கொஞ்சம் பொறு. கதவு திறக்கல.’

மின்விசிறிகளின் இரைச்சலுக்குள் ஒரு சத்தம். டக்... டக்... கடைசி வரிசையிலிருந்து.

போய்ப் பார்த்தான். ஆளில்லை. கீபோர்டு தட்டு வெளியே இழுபட்டிருந்தது. முன்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. தொட்டான். பதினெட்டு டிகிரிக் குளிரில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. காற்றில் வியர்வை நாற்றம். எதையோ இடித்து இடித்து ஓய்ந்த ஆளின் வியர்வை.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியதாம். ஆனால் இத்தனை வருடம் ஒருவரும் பதில் சொல்லாத மனிதரை அங்கேயே வைத்து அணைத்துவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. போய்க் கதவை அகலத் திறந்தான். ஹெல்மெட்டை முட்டுக் கொடுத்தான். கதவு பீப், பீப் என்று கத்தத் தொடங்கியது.

“நோங் நெஸ்டர்,” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான். “கதவு திறந்திருக்கு. கிளம்புங்க. நேரமாச்சு.”

பிறகு அந்த வியர்வை நாற்றம் அவன் தோளை உரசிக்கொண்டு போயிற்று. வெளியே நடைபாதையில் ஆள் நடந்தால் எரியும் விளக்குகள்... ஒன்று, அடுத்து ஒன்று, மாடிப்படி வரைக்கும் எரிந்தன. அணைந்தன.

திரையில் எந்தப் பெயரும் இல்லை. சர்வர் அணைந்து, நான்கே நிமிடத்தில் சமர்த்தாக எழுந்தது.

“முடிஞ்சுது, மனாங்.”

“டோங்... கதவைத் திறந்தியா?”

“ஆமா.”

“ஏன் திறந்தே?”

போன் துண்டிக்கப்பட்டது.

அதன்பிறகு ரோவெனா வேலைக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ரமிலும் ஜூவியும் லிலோவானில் அவள் வீட்டுக்குப் போனார்கள். சிரித்துப் பேசினாள். காப்பி கொடுத்தாள். அந்த ராத்திரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

வீட்டு வாசலில் கதவு இல்லை. அறைகளுக்கு இல்லை. கழிப்பறைக்கும் இல்லை. காப்பிக்குப் பால் எடுக்க அவள் சமையற்கட்டுக்குப் போனபோது ஜூவி எட்டிப் பார்த்தாள்.

ஃபிரிட்ஜின் கதவையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.