பெரிதாகக் கேள் என்றேன்

எங்கள் அலுவலகத்தில் ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்ற சண்டைக்குக்கூட என்னைத்தான் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார்கள். யாருக்கு எந்த அறை, எந்த மேசை என்று முடிவு செய்வது என் வேலை. எல்லோருக்கும் நான் அக்கா. மேலாளருக்குக்கூட.

அதனால் அந்தப் பெண் முதலில் என்னிடம் வந்ததில் வியப்பில்லை. மேலாளரின் அறையில் உதவியாளராக இருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, அவர் செய்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தண்ணீர் கொடுத்தேன்.

"என்னம்மா செய்யலாம்ங்கிற?"

"காசு கீசு ஒண்ணும் வேணாங்க்கா. பண்ணினத அவர் வாயால ஒத்துக்கணும். என்னை வேற மாடிக்கு மாத்தணும். கேஸ் போட்டா இத மட்டும் கேக்கலாமில்ல?"

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. இவ்வளவு சின்னதாகக் கேட்பவளை எல்லோரும் நம்பிவிடுவார்கள். நம்பினால் விசாரிப்பார்கள். விசாரித்தால், அவளை அந்த அறைக்கு யார் அனுப்பியது என்பதில் வந்து நிற்கும். அவளுக்கு முன்னால் அங்கே இருந்தவளும் என்னெதிரே உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வேலையை விட்டாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். மேலாளர் அடுத்த ஆள் கேட்டார், அனுப்பினேன். நான் ஓய்வு பெறப்போகும் நேரத்தில் இதெல்லாம் கிளம்ப வேண்டுமா?

ஆகவே எந்த வழக்கிலும் கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்கும் 'கோடி வக்கீ'லிடம் அவளை நானே அழைத்துப்போனேன். டிவி விவாதங்களில் சிரித்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். கழுகு என்றும் அவருக்கு ஒரு பெயர் உண்டு.

"கேக்கறத பெருசாக் கேளு. அப்பதான் பயப்படுவாங்க" என்றேன்.

"காசுக்காகப் பண்றேன்னு நினைக்க மாட்டாங்களாக்கா?"

"யாரு நினைப்பா? உன்னைத் தெரியாதா எங்களுக்கு?"

வழக்கில் நஷ்டஈடு ஐந்து கோடி என்று எழுதினார்கள். அந்தச் செய்தி காப்பி வரிசைக்கு எப்படிப் போனது என்று நீங்கள் குறிப்பேட்டைத் திறந்ததுமே கேட்டீர்கள். நான்தான் சொன்னேன். தொகையை மட்டும்தான் சொன்னேன். வேறு எதுவும் சேர்க்கத் தேவை இருக்கவில்லை.

"தோள்ல கை பட்டா அஞ்சு கோடியாம்ப்பா. என் தோள் சும்மாதான் கெடக்கு, யாராச்சும் வாங்க."

"கழுகுக்குப் பாதி, கிளிக்குப் பாதி. நமக்குத்தான் போனஸ் போச்சு."

"வக்கீலப் பாத்துட்டு அப்புறந்தான் வேலைக்கே சேந்திருப்பா."

நடந்தது தோளில் கை பட்டது அல்ல. ஆனால் என்ன நடந்தது என்று அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அவள் வரிசையில் வந்து நின்றால் பேச்சு நிற்கும். நகர்ந்ததும் சிரிப்பு தொடங்கும். அவளுடைய அண்ணனே, "ஜெயிச்சா எனக்கொரு வண்டி வாங்கிக் குடு" என்றானாம். அதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள். கடைசிவரை அவளை நம்பியவர் அந்தக் கழுகு ஒருவர்தான். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

வழக்கு விசாரணைக்கு வருமுன்பே அவள் உயிரை விட்டுவிட்டாள். மேசையைக் காலி செய்ய அவளுடைய அம்மா வந்தார்.

"உங்களத்தான் அக்கா அக்கான்னு சொல்லிட்டிருப்பா. நீங்க சொல்லுங்கம்மா. எம்பொண்ணு காசுக்காகவா இதையெல்லாம் சொன்னா?"

"அதையெல்லாம் இப்ப பேசி என்னம்மா ஆகப்போவுது."

அவர் தலையாட்டினார். பையைத் தூக்கச் சிரமப்பட்டார். லிஃப்ட் வரை நான்தான் தூக்கிப்போனேன்.

அவள் குரல் இன்னும் கேட்கிறது. மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு. திட்டுவதில்லை. "அக்கா, தொகையக் கொஞ்சம் கொறச்சுக்கலாமா?" என்று மட்டும் கேட்கிறாள். "வேணாம்மா, இருக்கட்டும்" என்கிறேன். வாய்விட்டே சொல்கிறேன் போலிருக்கிறது. பியூன் எட்டிப் பார்க்கிறார்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அதே மேலாளர்தான் இன்னும் இருக்கிறார்; அவர் அறையில் உதவியாளர் இடத்தைக் காலியாக வைத்திருக்க என்னால் முடியாது. போன வாரம் புதிதாக ஒருத்தியை அங்கே போட்டிருக்கிறேன். சின்னப் பெண், பயந்த சுபாவம். பாவமாக இருந்தது. முதல் நாளே கையைப் பிடித்துச் சொல்லிவைத்தேன்: "எதுன்னாலும் வெளிய யார்கிட்டயும் போகாத. முதல்ல அக்காகிட்ட வா."