முன்பக்க இடது ஷாக்

காற்று ஷாக்கைப் பற்றி நான் கெட்டதாக எதுவும் சொல்ல வரவில்லை, சார். எடை குறைவு. கையடக்கமான ஒரு பம்ப் இருந்தால் போதும், ஓட்டுகிறவர் எடைக்குத் தகுந்த மாதிரி ஏற்றிக்கொள்ளலாம், இறக்கிக்கொள்ளலாம். சமமான பாதையில் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி போகும். இதையெல்லாம் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் நியாயம் பேசுகிறவன்.

நீங்கள் கார் ஓட்டுகிறவர். குவாட் பழக்கம் இருக்காது. நாலு தடித்த டயர், நடுவில் பைக் மாதிரி ஒரு சீட்டு, ஹேண்டில்பார். மேட்டிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போது அந்த அடியை வாங்கிக்கொள்வதுதான் ஷாக். ஒரு வகையில் ஸ்பிரிங் இருக்கும், இன்னொரு வகையில் அடைத்த காற்று இருக்கும். ஸ்பிரிங் கனம், கொஞ்சம் முரடு. ஆனால் நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கும். காற்று சூடானால் ஏறும், உள்ளே அடைக்கிற ரப்பர் சீல் தேய்ந்தால் இறங்கும். யார் வேண்டுமானாலும் இறக்கியும் விடலாம்.

இதைத்தான் என் மாப்பிள்ளையிடம், அதாவது என் தங்கச்சி புருஷனிடம், தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். பட்டறை நான் ஆரம்பித்தது. தங்கச்சியைக் கட்டிய பிறகு அவனும் கூட்டுச் சேர்ந்தான். நான் பழுது பார்ப்பேன், அவன் வருகிறவர்களிடம் பேசுவான். பேச்சு என்றால் உங்கள் வீட்டுப் பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சு இல்லை, வாயாலேயே பந்தல் போடுவான். யார் வந்தாலும் என்னைக் கை காட்டி, "இவர்தான் எங்க ஸ்பிரிங் சாமியார். இரும்பத் தவிர வேற எதையும் கும்பிட மாட்டார்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதை விடுங்கள், என் தங்கச்சியும் சேர்ந்து சிரிப்பாள்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு, நான் கொண்டுவந்தது. ஓட்டப்போகிறவர் தன் வண்டியைத் தானே பார்த்துவிட்டுக் கிளம்பக்கூடாது. இன்னொருவர் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கி ஒரே மாதிரி எழுந்தால் "ம்" என்பார். அந்த "ம்" இல்லாமல் எந்த வண்டியும் பின்னால் இருக்கிற பழைய கல்குவாரிக்குள் இறங்காது. அங்கேதான் எங்கள் சோதனை ஓட்டம். அமுக்கிப் பார்க்கிற வேலை எப்போதும் என்னுடையது. என் உள்ளங்கைக்கு மீட்டர் தேவையில்லை.

எனக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், நான் போல்ட் போல்ட்டாகப் பூட்டிய என் சொந்த வண்டியில் ஸ்பிரிங் இல்லை. பழைய இரும்பு போடுகிற டிரம்மில் கிடந்தது, மேலே யாரோ குடித்துப்போட்ட டீ கப்.

"என்ன மாப்ள இது?"

"கழட்டிட்டுக் காத்து ஷாக் போட்டுட்டேன் மச்சான். ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, அப்புறம் நீங்களே ஸ்பிரிங்கத் தொட மாட்டீங்க."

"என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுதானே சொல்வீங்க. அதான் கேக்கல."

தங்கச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "விடுண்ணே. இந்தத் துருப்பிடிச்ச இரும்புக்கா இவ்ளோ மல்லுக்கட்டுற?"

துருப்பிடித்த இரும்பு. வாரா வாரம் நான் எண்ணெய் போட்டுத் துடைத்தது. நான் ஒன்றும் சத்தம் போடவில்லை, சார். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். பல்லைக் கடித்ததில் கடைவாய்ப்பல் ஒன்று விண்டுபோனது, அவ்வளவுதான். வயிறு எரிந்தது, மறைப்பானேன். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த டீ கப்தான் வந்து நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ரைடிங் கிளப்பின் தலைவர் வருவதாக இருந்தது. காற்று ஷாக் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பிடித்தால் கிளப் வண்டிகள் அத்தனைக்கும் மாற்றுவதாகப் பேச்சு. மாப்பிள்ளை என் வண்டியில்தான் ஓட்டிக் காட்டப் போகிறான். என் வண்டியில். அவரை வரவேற்க அவன் வாசலுக்குப் போன நேரத்தில் நான் முன்பக்க இடது ஷாக்கின் வால்வு மூடியைத் திருகி எடுத்தேன். உள்ளே ஒரு சின்ன ஊசி இருக்கும். அதை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினேன். குழந்தை தூக்கத்தில் மூச்சு விடுகிற அளவுக்குத்தான் சத்தம். முழுக்க இறக்கவில்லை. எங்கள் முற்றம் ஒரு பக்கம் சரிவு. அங்கே நிற்கிற வண்டி கொஞ்சம் சாய்ந்திருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மூக்கை உடைக்க வேண்டும் என்பதுதான் நினைப்பு. நாலு பேர் முன்னால் சேற்றில் குப்புற விழுந்து எழுந்து வரட்டும், காற்றின் யோக்கியதை தெரியட்டும். மிஞ்சிப்போனால் கையோ காலோ முறியும். முறிந்தால் ஒட்டிக்கொள்ளும்.

ஏன் இடது பக்கம் என்று கேட்கிறீர்கள். விவரமான ஆள்தான் நீங்கள். குவாரிக்குள் இறங்கியதும் முதல் திருப்பம் வலது பக்கம். வலது பக்கம் திரும்பும்போது வண்டியின் கனமெல்லாம் இடது பக்கத்துக்குப் போகும். அந்தப் பக்கம்தான் பள்ளம். தடுப்பு கிடையாது, அடியில் உடைகல். வலது ஷாக்கில் இறக்கியிருந்தால் அந்தத் திருப்பத்தில் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாத இடத்தில் இறக்கி என்ன பிரயோஜனம், நீங்களே சொல்லுங்கள்.

கிளப் தலைவர் வந்தார். மாப்பிள்ளை பேச ஆரம்பித்தான். முடித்தால்தானே? ஓட்டிக் காட்டுவதை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தான். அந்த வாய்தான் அத்தனைக்கும் காரணம். தங்கச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள்.

"நீங்க பேசிட்டே இருங்க. நான் ஒரு ரவுண்டு போய்க் காட்டிட்டு வர்றேன்."

அவள் எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாக ஓட்டுவாள். அதிலும் அந்த முதல் திருப்பத்தில் பிரேக்கையே தொடமாட்டாள். வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, அமுக்கிப் பாத்துட்டியா?"

நான் போய் அமுக்கினேன். வண்டியின் வலது பக்கம் தாங்கி நின்றது. இடது பக்கம் தலையணையில் கை அமுங்குகிற மாதிரி இறங்கியது. ஒரு வார்த்தை போதும், சார். "இறங்கு" என்றால் இறங்கிவிடுவாள், சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டாதவள். வாயைத் திறக்கத்தான் போனேன். அதற்குள் மாப்பிள்ளை அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"என்ன சாமியாரே, காத்துல ஏதாவது குத்தம் கண்டுபிடிச்சீங்களா?"

கிளப் தலைவர் சிரித்தார். ஹெல்மெட்டுக்குள் அவளும் சிரித்தாள், கண் சுருங்கியது தெரிந்தது. காற்று இறங்கியிருக்கிறது என்று சொன்னால் அவன் உடனே பம்பை எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் ஏற்றிக் காட்டுவான். "பாத்தீங்களா, எவ்ளோ சுலபம்!" என்பான். அதற்கும் சிரிப்பார்கள்.

"ம்" என்றேன்.

அவள் போனாள். நான் பின்கதவோரம் நின்று பார்த்தேன். திருப்பத்தில் இடது மூலை மடங்கியது, நான் கணக்குப் போட்ட அதே இடத்தில். பள்ளத்தில் முதலில் இறங்கி ஓடியது நான்தான். தூக்கிக்கொண்டு மேலே வந்ததும் நான்தான். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள், யாரையும் நான் தொட விடவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தேன். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னதுதான் சரி மச்சான், நான் கேக்கல" என்று சொல்வான் என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. மற்றதையெல்லாம் என்னோடு வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? அந்த ஷாக்கைக் கழற்றிக் காற்று ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினான். ஒரு குமிழிகூட வரவில்லை. எப்படி வரும்? காற்று ஏன் இறங்கியிருந்தது என்று ஒருவர் கேட்டதற்கு, உருண்டதில் மூடி தெறித்து, கல் பட்டு வால்வு ஊசி அமுங்கியிருக்கும் என்றான். பிறகு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னான்.

"ஷாக்ல ஒரு குத்தமும் இல்ல. மச்சானே அமுக்கிப் பாத்துட்டுத்தான் அனுப்பினார். அவதான் திருப்பத்துல வேகமாப் போயிட்டா."

எனக்கு ரத்தம் கொதித்தது. அங்கேயே செருப்பைக் கழற்றியிருப்பேன். அடக்கிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன். அவள் ஓட்டத் தெரியாமல் சாகவில்லை, சார், அதை எழுதிக்கொள்ளுங்கள். காற்றை இறக்கியது நான், "ம்" சொன்னது நான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவனையும் கூப்பிட்டு விசாரியுங்கள். கட்டின பெண்டாட்டி செத்துக் கிடக்கும்போதுகூடத் தன் ஷாக்தான் சரி என்று நின்றான். ஒரு உயிரைவிட அதுவா பெரிது, இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?