முதல் டம்ளர்

– வழிய விடுக்கா. வண்டி வந்து நிக்குது, தெருவே வெளிய கூடி நிக்குது. வெல்டர் வீட்டுச் சாமானை ஏத்தி அனுப்பினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

– என்னைத் தாண்டித்தான் அந்தச் சாமான்ல கை வைக்கணும். உள்ள அவர் பையன் மஞ்சளாப் படுத்துக் கெடக்கான்டா.

– நீ சுகாதார இன்ஸ்பெக்டர்னா ஆபீசுல வச்சுக்க. தெருவுல பத்து வீட்டுல மஞ்சக்காமாலை. முதல்ல படுத்தது யாரு? அந்தப் பையன். அவங்க குடிவந்தாங்க, தெருவுக்கே சனி புடிச்சுது.

– காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. முதல்ல படுத்தவன்தான் கொண்டு வந்தவனா?

– நீ பேசுவ. என் பொண்டாட்டி ஏழு மாசம்க்கா. எனக்குப் பயமா இருக்கு. அந்தப் பையன் படுத்த அன்னைக்கே அவளை அவங்கம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டேன்.

– எப்படி இருக்கா?

– காலைல பேசினா. சோறு எறங்கலையாம், வாந்தி, ஒரே அசதியாம். மாசமா இருந்தா அப்படித்தானே.

– ஏழாம் மாசத்துலயா வாந்தி?

– பேச்சை மாத்தாத. நகரு.

– ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. தையல்காரர் வீடும் வெல்டர் வீடும் ஒரே சுவர், ஒரே கக்கூஸ். பையன்கிட்டேர்ந்து பரவுச்சுன்னா அங்கதானே முதல்ல வரணும்? அங்க ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. ஏன்?

– அந்தாளு மகா கஞ்சன். வியாதிக்குக்கூட வீட்டுல எடம் குடுக்க மாட்டான்.

– விளையாடாத. எல்லாரும் படுத்தவங்களையே கேட்டுக்கிட்டு இருக்கீங்க. நான் நல்லா இருக்கிறவங்களையும் கேட்டுட்டு வரேன். படுத்த பத்து வீடும் ஒரே எடத்துல குடிச்சிருக்கு. தையல்காரர் வீடு மட்டும் வரல. அவருக்கும் உனக்கும்தான் பேச்சுவார்த்தையே இல்லையே.

– எந்த எடத்துல?

– உன் ஜூஸ் கடையில. கடை திறந்த அன்னைக்கு.

– கடை திறந்து மாசம் ஒண்ணாச்சுக்கா. போன மாசம் குடிச்சதுக்கு இப்பவா வரும்?

– இந்தக் காமாலை அப்படித்தான். உள்ள போய் வாரக்கணக்குல பூனை மாதிரி பதுங்கி இருக்கும். ஒண்ணாக் குடிச்சாலும் ஒருத்தருக்கு முன்னாடி காட்டும், ஒருத்தருக்குப் பின்னாடி. அன்னைக்குத் தண்ணி எங்கேர்ந்து எடுத்த?

– தெருக் குழாயிலதான். எல்லாரும் புடிக்கிற தண்ணி.

– அன்னைக்குக் குழாயில நூல் மாதிரிதானே வந்துது?

– அதனால மோட்டாரை மாட்டினேன். யாருதான் மாட்டல? கடை வாசல்ல அத்தனை கூட்டம். தண்ணியில்லன்னா மானம் போயிருக்கும்.

– குழாய் சாக்கடையை ஒட்டித்தானேடா போகுது. அதுல விரிசல் வேற. மோட்டாரைப் போட்டு இழுத்தா சாக்கடையையும் சேர்த்துத்தான் உறிஞ்சும்.

– பாக்கத் தெளிவாத்தான்க்கா இருந்துது.

– தெளிவாத்தான் இருக்கும். போ, அந்த வண்டிய முதல்ல திருப்பி அனுப்பு. வெளிய நிக்கிறவங்ககிட்ட நடந்ததைச் சொல்லு.

– என்னை உரிச்சுத் தொங்க விட்டுருவாங்க.

– விடட்டும். இவ்வளவு நேரம் வெல்டரைத்தானே தொங்க விடப் பாத்த. அன்னைக்குக் குடிச்ச அத்தனை பேருக்கும் இன்னைக்கே ரத்தம் பாக்கணும். மத்தவங்க பெரும்பாலும் படுத்து எந்திரிச்சிருவாங்க. புள்ளத்தாச்சிக்கு வந்தாதான் ரெண்டு உயிருக்கும் ஆபத்து. அப்படி யாராவது குடிச்சாங்களான்னு யோசிச்சுச் சொல்லு.

– டிரைவரே, வண்டிய எடுக்காதீங்க!

– திருப்பி அனுப்பத்தானேடா சொன்னேன்? தம்பி?

– வண்டிய அனுப்பாதக்கா. அதுலயே அவங்கம்மா வீட்டுக்குப் போயிரலாம். முதல் டம்ளரை அவ கையிலதான் குடுத்தேன்.